குழுவா, தனித் துணையா, மன்றமா: கடும் மனநோயோடு வாழ்பவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

மருத்துவமனையில் இருக்கும்வரை நேரத்தை அங்குள்ள ஊழியர்கள் ஓட்டுவார்கள். எழுப்புவார்கள், மாத்திரை தருவார்கள், விளக்கை அணைப்பார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் தெரியும், இனி இந்தப் பகலை நாமே தள்ள வேண்டும் என்று. அடுத்து மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் இருக்கும். "தூங்கினாயா?", "மாத்திரை போட்டாயா?" இந்த இரண்டைத் தாண்டி வீட்டில் யாருக்கும் மூன்றாவது கேள்வி வாயில் வராது. மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் 3 மாதங்களில் தற்கொலை ஆபத்து கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்த உண்மை. அப்படிப்பட்ட சமயத்தில்தான் யாராவது, "பியர் சப்போர்ட் என்று ஒன்று இருக்கிறது, போய்ப் பாரேன்" என்பார்கள். அதாவது சக ஆதரவு: அதே நோயை அனுபவித்தவர்கள் ஒருவருக்கொருவர் தரும் துணை.

போவது சரி, எதற்குப் போவது? அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து ஏற்பாடுகள் இருக்கின்றன. தவறான நேரத்தில் தவறானதற்குப் போய், "இதெல்லாம் எனக்கு ஒத்துவராது" என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் ஒரு தடவை சாத்திக்கொண்டேன். பதினான்கு வருடமாக இருமுனையக் கோளாறோடு, அதாவது மனம் சில காலம் கட்டுமீறி மேலே பறந்து, சில காலம் பள்ளத்தில் விழும் நோயோடு, வாழ்கிறேன். இரண்டு முறை வார்டில் இருந்திருக்கிறேன். இங்கே சொல்லப்போகும் வகைகளில் மூன்றை நேரடியாக அனுபவித்தேன், மற்றவற்றைக் கூடவே நடந்த நண்பர்கள் வழியாக அறிவேன்.

சக ஆதரவு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது ஒரு தண்ணீர்க் கோப்பையில். முதன்முதலாக ஒரு குழுவுக்குப் போன அன்று, எதிரே உட்கார்ந்திருந்த அக்கா காகிதக் கோப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றவில்லை. முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். லித்தியம் என்ற, மனநிலையைச் சீராக வைக்கும் மருந்தைச் சாப்பிடுகிற பலருக்கு விரல் நடுங்கும். கோப்பை நிறைய இருந்தால் சட்டையில் கொட்டும். அந்த வெட்கத்தில் நான் வெளியாள் முன்னால் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தேன், லித்தியம் எடுப்பவர் தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்று தெரிந்திருந்தும். அன்று நானும் பாதிக் கோப்பை ஊற்றிக்கொண்டேன். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இது புதிதாக வந்த நாகரிகமும் இல்லை. பாரிஸின் பிசெட்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் பிரிவைக் கவனித்துவந்த ழான் பாப்டிஸ்ட் புசான், குணமடைந்தவர்களையே முடிந்தவரை பணியாளர்களாக வைத்துக்கொண்டார். மற்றவர்களைவிட அவர்கள் மென்மையாகவும் நேர்மையாகவும் நடந்துகொள்கிறார்கள் என்று 1793-இல் மருத்துவர் பினேலுக்கு எழுதினார். புசானும் கண்டமாலை (கழுத்தில் கட்டிகள் வரும் ஒருவகைக் காசநோய்) நோய்க்குச் சிகிச்சை பெற அதே மருத்துவமனைக்கு வந்து அங்கேயே தங்கியவர்தான். 230 வருடத்துக்குப் பிறகும் அந்த எளிய கணிப்பு நிற்கிறது. மாறியதெல்லாம் அதைச் செய்யும் விதம்.

வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குழுதான். வாரம் ஒருமுறை ஓர் அறை, எட்டுப் பத்து பேர், ஒன்றரை மணி நேரம். காசு இல்லை, பதிவேடு இல்லை, யாரும் யாருக்கும் மேல் இல்லை. இதிலும் இரண்டு சாயல் உண்டு. ஒன்று, முறை வைத்து நடப்பது. 1937-இல் சிகாகோவில் ஆபிரகாம் லோ என்ற மனநல மருத்துவர் தொடங்கி, பிறகு உறுப்பினர்களே நடத்த ஆரம்பித்த 'ரெகவரி' குழுக்கள் இந்த ரகம். அங்கே வாழ்க்கைக் கதை முழுவதையும் கொட்ட முடியாது. ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும், அப்போது உடம்பும் மனமும் என்ன செய்தன, எப்படிச் சமாளித்தோம், பழைய நாளாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாலு படியில் முடிக்க வேண்டும். இன்னொன்று, வந்தவர் மனதில் இருப்பதை வந்தபடி பேசுவது. பெரும்பாலான குழுக்கள் இந்த இரண்டாவது வகைதான்.

குழுவின் பெரிய பலம் வேறெதிலும் கிடைக்காது: போன முதல் நாளே நீங்கள் இன்னொருவருக்கு உதவியாக இருக்கலாம். உதவி செய்கிறவருக்கே அந்த உதவி மருந்தாகிறது என்பதை 1965-இல் பிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். கடும் மனநோய் வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நோய் வந்த நாளிலிருந்து நாம் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். மருந்து, பணம், பொறுமை, மன்னிப்பு, எல்லாமே பிறர் தருவது. ஒருநாள் புதிதாக வந்த பையன் ஒருவன், மாத்திரையால் வாய் வறண்டு பேசவே முடியவில்லை என்றான். படுக்கைப் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வது, சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்வது என்று எனக்குத் தெரிந்த இரண்டு வழிகளைச் சொன்னேன். அவன் கைபேசியில் குறித்துக்கொண்டான். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

குழுவின் குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒருவரே முக்கால் மணி நேரம் பேசிவிடுவார், நிறுத்தத் தெரிந்தவர் இல்லையென்றால் மற்றவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். நடத்துபவர் நோயில் விழுந்தால் குழுவும் சேர்ந்து படுத்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் இன்னும் அடங்காதவருக்குப் பத்து முகம் கொண்ட வட்டம் சித்திரவதை. முதல் முறை வார்டிலிருந்து வந்து ஒன்பதே நாளில் என்னை ஒரு குழுவுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நிமிடம் தாங்கினேன். அதன்பின் நடைகூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அறைக்கு மறுபடி போக எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. குழு நல்ல குழுதான், அக்காவின் தண்ணீர்க் கோப்பையை நான் பார்த்ததே அந்த அறையில்தான். நேரம்தான் தவறு.

ஒருவருக்கு ஒருவர்

பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கி, மருத்துவமனையிலோ சமூக மனநலச் சேவையிலோ வேலை செய்யும் சக ஆதரவாளர் இருக்கிறார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1999-இல் இந்த வேலையை, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் சேர்த்தது. 2007-இல் மற்ற மாநிலங்களும் அப்படிச் செய்ய மத்திய அரசு வழிகாட்டிக் கடிதம் அனுப்பியது. அதிலிருந்து இது ஒரு தொழிலாகவே வளர்ந்து, இன்று பல நாடுகளில் இருக்கிறது. அவரும் நம்மைப் போல் வார்டில் இருந்தவர், ஆனால் நம்மைவிடச் சில வருடம் முன்னால் நடந்துவிட்டவர். வாரம் ஒருமுறை சந்திப்பு, வீட்டிலோ பூங்காவிலோ.

இரண்டாவது முறை வெளியே வந்தபோது எனக்குக் கிடைத்தவர் முதல் சந்திப்பில் நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். "போன தடவை கெட்டுப்போவதற்கு முன்னால் என்னென்ன செய்தீர்கள்? பெரிய விஷயம் வேண்டாம், சின்னதாகச் சொல்லுங்கள்." யோசித்து யோசித்துச் சொன்னேன். இரவு இரண்டு மணிக்குச் சமையலறைச் சுவரைத் தேய்த்துக் கழுவியது. ஒரே நாளில் பழைய நண்பர்கள் பதினேழு பேருக்குப் போன் செய்தது. எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள் என்று எரிச்சல்பட்டது. அவர் தன்னுடையதையும் ஒன்று சொன்னார்: மேல்நிலை (மனம் கட்டுமீறிப் பறக்கும் கட்டம்) வருவதற்கு ஒரு வாரம் முன்பு செருப்பு வாங்குவாராம், ஒவ்வொரு முறையும். கோட்டின் அந்தப் பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது நடந்தால் யாருக்குச் சொல்வது, எந்த மருத்துவரிடம் போவது என்று எழுதினோம். அந்தத் தாள் இன்றும் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இந்த மாதிரித் தாளுக்கும் கூட உட்காரும் ஆளுக்கும் எவ்வளவு மதிப்பு என்று இங்கிலாந்தில் ஒரு சோதனை நடத்திப் பார்த்தார்கள், 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நெருக்கடியில் வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் குழுக்களின் கவனிப்பிலிருந்து வெளிவந்த 441 பேர். பாதிப் பேருக்குச் சுயகவனிப்புப் பயிற்சிப் புத்தகம் தபாலில் போனது. மீதிப் பேருக்கு அதே புத்தகத்தோடு ஒரு சக ஆதரவாளரும் வந்தார், பத்துச் சந்திப்பு வரை. ஒரு வருடத்துக்குள் மீண்டும் அவசரச் சிகிச்சைக்குப் போனவர்கள் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம், ஆளும் வந்தவர்களில் 29 சதவீதம். புத்தகம் இரு பக்கமும் ஒன்றுதான். அந்த ஒன்பது புள்ளி, பக்கத்தில் உட்கார்ந்தவருடையது.

ஆனால் இந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி உங்களை ஆசைகாட்டக் கூடாது. வார்டிலிருந்து வெளியேறும் 590 பேரை வைத்து அதே நாட்டில் நடந்து 2022-இல் வந்த இன்னொரு பெரிய சோதனையில், தனித் துணை கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் மருத்துவமனைக்குத் திரும்பியதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பும் நோய்க்குறிகள் குறைவதாகவோ வார்டுக்குப் போவது தவிர்க்கப்படுவதாகவோ உறுதியாகச் சொல்லவில்லை. நம்பிக்கை கூடுவது, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்படுவது, இவற்றில்தான் ஓரளவு நன்மை தெரிந்தது. என் புரிதல் இது: சக ஆதரவை மருந்துக்கு மாற்றாக எடைபோட்டால் ஏமாற்றம்தான். நோய் இருக்கும்போதே வாழ்வதற்கு என்று எடைபோட்டால் அதன் கனம் தெரியும்.

தனித் துணையிடம் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி: "நான் சொல்வதை எங்கே எழுதுவீர்கள், யார் படிப்பார்கள்?" அவர் ஊழியர். சில இடங்களில் சந்திப்பு ஒவ்வொன்றும் மருத்துவக் கோப்பில் ஏறும். அது தப்பில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிய வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். நாளடைவில் சில சக ஆதரவாளர்கள் மருத்துவமனைப் பேச்சையே பேச ஆரம்பித்துவிடுவார்கள், கோப்பு தூக்குவதும் ஆளைக் கூட்டிவருவதுமாக அவர்களை ஓட விட்டிருப்பார்கள். தன் அனுபவத்தை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உங்கள் மாத்திரையை மட்டும் எண்ணுகிறவர் வேறு ஏதோ வேலை செய்கிறார். கடைசியாக, இது முடியும். எனக்கு நாலு மாதத்தில் முடிந்தது. முடிவுத் தேதியை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. கடைசிச் சந்திப்பு முடிந்து அவர் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

குரல் கேட்பவர்களுக்கு

மாத்திரை எடுத்தும் குரல் நிற்காதவர்கள் கணிசமானவர்கள். சாதாரணக் குழுவில் அவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள், மருத்துவரிடம் சொன்னால் மாத்திரை கூடும் என்ற பயம் வேறு. நெதர்லாந்தில் பாட்ஸி ஹாகே என்ற பெண் தன் மருத்துவர் மரியுஸ் ரோமேயிடம், குரலை நோய்க்குறி என்று ஒதுக்காமல் அது என்ன சொல்கிறது என்று கேட்கும்படி வற்புறுத்தினார். இருவரும் தொலைக்காட்சியில் பேசியபோது நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் சுமார் 450 பேர் குரல் கேட்பவர்கள், சுமார் 150 பேர் அதைச் சமாளிக்க வழி கண்டவர்கள். 1987-இல் உட்ரெக்டில் கூடினார்கள். அதிலிருந்து கிளைத்த குழுக்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன.

இங்கே நோயின் பெயரை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. யாருடைய குரல், எப்போது வரும், எதை எடுத்தால் உரக்கப் பேசும் என்று கேட்பார்கள். என் நண்பர் ஒருவருக்குத் திட்டும் குரல் மாலை நாலு மணிக்கு மேல்தான் வரும் என்பதே அங்கே பேசித்தான் தெரிந்தது. இப்போது அவர் அதனிடம், "ஏழு மணிக்கு வா, பத்து நிமிடம் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார். எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. குரல்மீது கவனம் வைக்க வைக்க அது பெருகியவர்களும் உண்டு. குரல் "செத்துப்போ" என்றோ "அவனை அடி" என்றோ கட்டளையிடும் கட்டத்தில் போக வேண்டிய இடம் அவசரச் சிகிச்சைப் பிரிவு. அது அடங்கிய பிறகு குழு. மருந்தைக் குறைப்பது பற்றி அங்கே பேச்சு வந்தால் கேளுங்கள், முடிவை மருத்துவரோடு உட்கார்ந்து எடுங்கள். மனச்சிதைவுக்கான மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம்.

பகலை நிரப்பும் மன்றம்

சிலருக்குப் பேச்சே தேவைப்படாது. நோய் அடங்கிவிட்டது, மாத்திரை ஒத்துப்போகிறது, ஆனால் காலையில் எழுந்தால் போக ஓரிடம் இல்லை. இவர்களை வட்டத்தில் உட்காரவைத்து, "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்பது கொடுமை. இவர்களுக்கானது கிளப்ஹவுஸ், மன்றம் என்று சொல்லலாம். ராக்லண்ட் மாநில மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்கள் நியூயார்க்கில் தங்களுக்குள் கூட ஆரம்பித்து, 1948-இல் ஃபவுன்டன் ஹவுஸ் ஆனது. தோட்டத்தில் இருந்த சின்ன நீரூற்றினால் வந்த பெயர். அங்கே நோயாளி கிடையாது, உறுப்பினர் மட்டும்தான். சிகிச்சை அங்கே நடக்காது. சமையல், வரவேற்பு, கணக்கு, அலுவலக வேலை என்று கட்டடத்தை ஓட்டும் எல்லாவற்றையும் உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்து செய்கிறார்கள். வெளியே வேலைக்குப் போகவும் வழி செய்கிறார்கள். உறுப்பினராக இருப்பதற்குக் காலவரையறை இல்லை, ஒரு வருடம் வராமலிருந்து திரும்பி வந்தாலும் நாற்காலி உண்டு.

சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருப்பதால் இதைச் சக ஆதரவு என்று சொல்லக்கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. பத்து வருடம் அறையை விட்டு வராத ஒருவர், "நான் இன்று போகவில்லையென்றால் வெங்காயம் நறுக்க ஆளில்லை" என்று கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால், மன்றம் எல்லா இடத்திலும் இல்லை, தினமும் போய்வரத் தெம்பு வேண்டும், உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல அங்கே நேரமும் மூலையும் கிடைப்பது கடினம்.

போன், இணையம்

இரவு மூன்று மணிக்கு வேறெதுவும் திறந்திருக்காது என்பதே இதன் நியாயம். அனுபவசாலிகள் எடுத்துப் பேசும் தொலைபேசிச் சேவை நல்லது. இணையக் குழுக்களில் கண்காணிப்பவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். முன்பின் தெரியாதவர் சொன்ன அளவில் மாத்திரையை மாற்றிக் கெட்டவர்களை எனக்குத் தெரியும். மேல்நிலைக்கு நழுவும் சமயத்தில் கைபேசி நமக்கு எதிரி. ஒரே இரவில் நாற்பது செய்தி போட்டுவிட்டுப் பின்னால் அழித்துத் தீராது. மற்றவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், இது ஒன்றே போதும் என்று நிற்காதீர்கள்.

நான் எப்படி முடிவெடுப்பேன்

எது சிறந்தது என்று கேட்காமல், ஒரு நாளில் எந்த நேரம் உங்களுக்குத் தாங்க முடியவில்லை என்று பாருங்கள். வார்டிலிருந்து வந்து சில வாரமே ஆகியிருந்து, நாள் முழுக்கவே பயமாக இருந்தால், கிடைக்கும் பட்சத்தில் தனித் துணைதான் என் முதல் தேர்வு, கையில் எழுதிய ஒரு திட்டத்தோடு. கிடைக்காவிட்டால் குழுவை நடத்துபவரை மட்டும் தனியாக இரண்டு முறை சந்தித்துவிட்டு உள்ளே போங்கள். ஆறு மாதம் நிலையாக இருந்த பிறகும் தனித் துணையிலேயே தங்குவதை நான் விரும்பமாட்டேன். அங்கே நாம் வாங்குபவராகவே இருந்துவிடுவோம், கொடுக்கும் இடம் குழுவில்தான் இருக்கிறது. பகல்தான் பாரம் என்றால் மன்றம். மற்றபடி எல்லாம் சரி, குரல் மட்டும் விடவில்லை என்றால் குரல் குழு. ஒரே சமயத்தில் மூன்றில் சேர்ந்து மூன்றையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றில் வேர் பிடியுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. மகனுக்காகத் தேடும் அம்மா அவனோடு அதே வட்டத்தில் உட்கார வேண்டாம். அவன் பேசமாட்டான், நீங்களும் அழமாட்டீர்கள். குடும்பத்தினருக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு, அமெரிக்காவின் நாமி என்ற மனநல அமைப்பு 1979-இல் அப்படிக் குடும்பங்கள் கூடித்தான் உருவானது. உங்களுக்கும் ஒரு துணை வேண்டும், அதை அவன் பெயரில் தேடாதீர்கள்.

எதில் சேர்வதானாலும் முன்னதாக மூன்றைக் கேளுங்கள். யாராவது சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னால் இங்கே என்ன செய்வீர்கள்? மருந்து பற்றி உங்கள் நிலை என்ன? நடத்துபவருக்கே உடம்பு சரியில்லாமல் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? முதல் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் இடத்தை நம்பலாம். மருந்தைக் கேலி செய்யும் இடமும், மருந்தைத் தவிர வேறெதையும் பேச விடாத இடமும் எனக்கு ஒன்றுதான், இரண்டிலும் இரண்டாம் முறை காலெடுத்து வைக்கமாட்டேன்.

முதல் நாள் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். "நடுவில் எழுந்து போனாலும் போவேன்" என்று நடத்துபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் குழுவை நான்தான் நடத்துகிறேன். புதியவர் வருகிறார் என்றால் அந்த நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடித்துவைப்பேன்.